நூலகத்துக்கு வகுப்பாக அழைத்துச் செல்வதால் ஆய்வு மாணவருக்கு உண்மையில் என்ன பயன்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை வரலாறு முதலாண்டு மாணவி. தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறேன். பெயர் இங்கே வேண்டாம். ஆய்வு நெறிமுறைத் தாளின் ஒரு பகுதியாகச் சென்ற வியாழக்கிழமை எங்கள் பேராசிரியர் வகுப்பிலிருந்த 18 பேரையும் பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துச் சென்றார். அவரவர் ஆய்வுத் தலைப்புக்கு மூன்று நூல்களையாவது கண்டுபிடித்துக் குறித்துவர வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட வேலை.

ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் வாசலிலேயே போயிற்று. பையை எங்கே வைப்பது, எந்தப் பதிவேட்டில் கையெழுத்திடுவது, தண்ணீர்ப் புட்டியை ஏன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதையெல்லாம் உதவி நூலகர் பொறுமையாகச் சொன்னார். பிறகு மூன்று தளங்களையும் வரிசையாகச் சுற்றி வந்தோம். கோயிலில் பிராகாரம் சுற்றுவது போலத்தான் இருந்தது. கருவறை எங்கே என்று யாரும் காட்டவில்லை.

என் தலைப்பு தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். நூற்பட்டியல் தேடும் கணினியில் தமிழ் எழுத்தில் 'பஞ்சம்' என்று தட்டினேன். மூன்று பதிவுகள் வந்தன. மூன்றும் அண்மைக்காலப் பொருளாதாரக் கட்டுரைத் தொகுப்புகள். கடைசி எழுத்தை விட்டுவிட்டுப் 'பஞ்ச' என்று தேடியபோது பஞ்சதந்திரமும் பஞ்சாயத்து நிர்வாகமும் பஞ்சாங்கமும் வந்து நின்றன. பக்கத்திலிருந்த தோழி சிரித்துவிட்டாள். 'தாது' என்று தேடினால் கனிமவியல். ரோமன் எழுத்தில் தேடலாம் என்றால், 'பஞ்சம்' என்பதில் நடுவில் சி போடுவதா, ஜே போடுவதா, சிஎச் போடுவதா என்று தெரியவில்லை. மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விடை வந்தது.

அடுக்குகளுக்கு நேரில் போய்ப் பார்த்ததில் இன்னொரு குழப்பம். தமிழ்நாட்டு வரலாறு 954.82 என்ற எண்ணில் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. உணவுத் தட்டுப்பாடும் பஞ்சமும் 363.8 என்ற எண்ணில் முதல் தளத்தில் இருக்கின்றன. பஞ்சத்தைப் பாடிய கும்மிகளும் சிந்துகளும் கிடைத்தால் அவை 894.811 என்ற எண்ணில் தரைத்தளத் தமிழ்ப் பிரிவில்தான் இருக்க வேண்டும். ஒரே பஞ்சத்தைத் தேடி மூன்று மாடி ஏறி இறங்கியும் இரண்டு நூல்களைத்தான் குறிக்க முடிந்தது. இவ்வாறு வகுப்பாகச் சென்று வருவதால் பயன் உண்டா, அல்லது இது பாடத்திட்டத்தில் இருப்பதால் நடக்கும் ஒரு சடங்குதானா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மின்னேடு எழுதியது:

சடங்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் நூலகத்துக்குள் கடைசியாக எப்போது நுழைந்தேன் என்பது நினைவில் இல்லை. உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பஞ்ச வரலாறு, திருநெல்வேலி மாவட்டத்துக்கு 1879இல் ஸ்டூவர்ட் எழுதிய கையேடு, 1917இல் பேட் தொகுத்த மாவட்ட விவரச்சுவடி ஆகியவை வருடி ஏற்றப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் பெறப்பட்டு, காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் சேர்க்கப்படுகின்றன. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. இவ்வளவும் கைக்கெட்டும்போது 18 பேரை வரிசையில் நிறுத்தி மாடிப்படி ஏற்றுவானேன்? அந்த இரண்டு மணி நேரத்தில் இந்தத் தளங்களில் எப்படித் தேடுவது என்று வகுப்பறையிலேயே காட்டியிருந்தால் எல்லோரும் ஆளுக்கு மூன்றல்ல, முப்பது நூல்களைக் குறித்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

பழைய பேரேடு எழுதியது:

நான் 31 ஆண்டுகள் நூலகப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். கல்லூரி நூலகம், பல்கலைக்கழக நூலகம் இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருநைக்கரை அம்மாவுக்கு. ஒரே பஞ்சம் மூன்று தளங்களில் சிதறிக் கிடந்ததைக் குழப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைய வருகையில் நீங்கள் கற்ற உருப்படியான பாடமே அதுதான் என்பேன். நூலகவியலில் இதற்குச் 'சிதறிய உறவினர்' என்றே ஒரு பெயர் உண்டு. ஒரு புத்தகத்தை ஓரிடத்தில்தான் நிறுத்தி வைக்க முடியும். பஞ்சம் என்ற பொருளை முதன்மையாகக் கொண்டு அடுக்கினால் தமிழ்நாடு சிதறும். தமிழ்நாட்டை ஒன்றாக வைத்தால் பஞ்சம் சிதறும். எந்தப் பகுப்பு முறையாலும் இதைத் தவிர்க்க இயலாது. சிதறியவற்றைத் திரும்பக் கூட்டித் தருவது நூற்பட்டியலின் வேலை. உங்கள் நூலகத்தில் தோற்றது அடுக்கு அல்ல, பட்டியல்.

நீங்கள் குறிப்பிட்ட எண்கள் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பின் எண்கள். அவர் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை பத்து எண்களை முழுதாக ஒதுக்கினார். ஈராயிரம் ஆண்டு மரபுள்ள தமிழ் இலக்கியத்துக்கோ 890களின் ஒரு மூலையில், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் தள்ளி, 894.811 என்று இடம் கிடைத்தது. இதற்கு மாற்றாகச் சிந்தித்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த சில நாளிலேயே அந்தத் தனிமை பொறுக்காமல் மறுபடியும் வகுப்பறைக்கே போகிறேன் என்று கேட்டவர் அவர். இலண்டன் போய்ப் படித்து வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில பட்டைகளையும் திருகாணிகளையும் வைத்துக்கொண்டு வெவ்வேறு பொம்மைகளைச் செய்து காட்டுவதைக் கண்டபோது, பொருளுக்கு முன்கூட்டியே எண் கொடுத்து வைப்பதை விட்டுவிட்டுத் துண்டு துண்டாக எண்களை வைத்துக்கொண்டு வேண்டியபோது பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதிலிருந்து வளர்ந்து 1933இல் வெளிவந்ததுதான் கோலன் பகுப்பு.

நான் பயின்றது அந்த முறையில். பாரதியின் கவிதை நூலுக்கு முதுகில் 'ஓ31,1எம்82' என்று எழுதுவோம். ஓ என்றால் இலக்கியம், 31 தமிழ், 1 கவிதை, எம் என்பது 1800களைக் குறிக்கும் எழுத்து, 82 சேர்ந்தால் அவர் பிறந்த 1882. முதுகைப் பார்த்தே மொழி, வகை, ஆசிரியர் பிறந்த ஆண்டு மூன்றையும் சொல்லிவிடலாம். அடுக்கில் கவிஞர்கள் பிறந்த வரிசையில் நிற்பார்கள். மாணவர்களைக் கூட்டிவந்தால் நான் இந்த ஓர் எண்ணை மட்டும் அரை மணி நேரம் பிரித்துக் காட்டுவேன். பை வைக்கும் இடத்தை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும்.

அடுத்து, மின்னேடு தம்பிக்கு. நீங்கள் சொன்ன மூன்று நூல்களும் இணையத்தில் இருப்பது உண்மைதான். மூன்றையும் எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதைக் கவனித்தீர்களா? பஞ்சத்தில் அடிபட்டவர்கள் என்ன பாடினார்கள் என்பது 16 பக்கம், 32 பக்கச் சிறு நூல்களாகத் தமிழில் அச்சாகி, அன்பளிப்பாக எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அவற்றில் வருடி ஏற்றப்பட்டவை குறைவு. ஏற்றப்பட்டவற்றையும் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவது என்ற அதே சிக்கல் இணையத்திலும் தொடர்கிறது.

கடைசியாக ஒரு குறிப்பு. அந்தக் காலத் தமிழ் நூல்களின் முகப்புத்தாளில் பல நேரம் கிறித்துவ ஆண்டு இருக்காது. 'பிலவ வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால், பட்டியல் எழுதுபவர் ஒரு சுற்றுத் தவறினால் அறுபது ஆண்டு பிழையாகிவிடும். தாது என்பது 1876-77க்கும் பெயர், 1936-37க்கும் பெயர். ஆகவே கணினியை மட்டும் நம்பாமல், மறுபடி தனியாகச் சென்று, தமிழ்ப் பிரிவில் இருப்பவரிடம் சேர்க்கைப் பதிவேட்டை, அதாவது நூலகத்துக்கு வந்த நூல்களை வந்த வரிசையிலேயே எழுதி வைக்கும் ஏட்டைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். 'பஞ்சம் பற்றி நூல் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'கும்மி, சிந்து, ஒப்பாரி போன்ற பழைய சிறு நூல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் இருக்கின்றனவா' என்று கேளுங்கள்.

கரும்பலகை எழுதியது:

நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஆண்டுதோறும் மாணவர்களை நூலகத்துக்கு அழைத்துச் செல்பவள். தொடக்கத்தில் நானும் பொருநைக்கரை விவரித்தது போலத்தான் சுற்றிக் காட்டினேன். மாணவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த நாள் ஒருவர்கூட உள்ளே நுழைந்திருக்க மாட்டார்.

சில ஆண்டுகளாக வேறு மாதிரி செய்கிறேன். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டில் ஓர் அழைப்பெண்ணை, அதாவது நூலின் முதுகில் இருக்கும் அடுக்கு எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பேன். நூலின் பெயர் இருக்காது. அந்த நூலைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கம் ஐந்தும் வலப்பக்கம் ஐந்துமாக நிற்கும் நூல்களின் பெயர்களை எழுதி, அவை ஏன் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கின்றன என்று ஒரு பத்தி எழுத வேண்டும். அந்த வேலைக்கு ஒரு மணி நேரம் போதாது. ஒரு மாணவி நூல் ஏதோ தவறான இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து நூலகரிடமே வாதிட்டாள். அவள் சொன்னது சரியாக இருந்தது. இன்னொருவன் தன்னுடைய நூலில் ஒட்டியிருந்த திருப்பித் தரும் நாள் சீட்டைப் பார்த்துவிட்டு, கடைசி முத்திரை தான் பிறப்பதற்கு முன்பே விழுந்தது என்று எழுதியிருந்தான். 18 பேரை ஒரே வரிசையாக நடத்திச் செல்வதுதான் தவறு. 18 இடங்களில் அவர்களைச் சிதற விட வேண்டும் என்பது என் கருத்து.

மூன்று நூல்களைக் கண்டுபிடி என்று சொல்வதும் சரியான பயிற்சி அல்ல என்று நினைக்கிறேன். மாணவர்கள் முதலில் கையில் அகப்பட்ட மூன்றை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் இரண்டோடு நின்றதே உங்கள் நேர்மைக்குச் சான்று.

மின்னேடு எழுதியது:

பழைய பேரேடு ஐயாவின் பதிலில் ஆங்கிலேயர் மூவர் என்று சுட்டியது எனக்கு உறைத்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். என் ஆய்வுத் தலைப்பு அண்மைக்காலத் தேர்தல்கள் தொடர்பானது என்பதால் எனக்கு அந்தக் குறை தெரியாமல் போயிருக்கலாம்.

ஆனாலும் இரண்டு ஐயங்கள். அண்டை நூல்களைப் பார் என்று கரும்பலகை அம்மா சொல்வது அடுக்குகளுக்குள் வாசகரை விடும் நூலகங்களில் மட்டுமே நடக்கும். பழைய நூல்களை வைத்திருக்கும் இடங்களில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மேசையில் காத்திருக்க வேண்டும். அங்கே அண்டை அயல் ஏது? மற்றொன்று, சேர்க்கைப் பதிவேடு வாசகருக்கான ஆவணமா? முதலாண்டு மாணவி போய்க் கேட்டால் எடுத்துத் தருவார்களா?

பழைய பேரேடு எழுதியது:

தரவேண்டிய கட்டாயம் இல்லை. தணிக்கைக்கும் சரிபார்ப்புக்குமான அலுவலக ஆவணம்தான் அது. ஆனால் கேட்பவரின் கேள்வியைப் பொறுத்து நூலகரே எடுத்துப் பார்த்துச் சொல்வார். என் அனுபவத்தில், நல்ல கேள்வியோடு வரும் மாணவரை விரட்டிய நூலகர் அரிது. கேள்வியே இல்லாமல் வரும் 18 பேரைக் கண்டால்தான் எங்களுக்குக் களைப்பு. உள்ளே விடாத அடுக்குகளைப் பற்றிய உங்கள் முதல் ஐயம் நியாயமானது. அங்கே பதிவேடுதான் அண்டை அயல். ஒரே நாளில் ஒரே வீட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த நூல்கள் அதில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். ஒருவர் தன் வாழ்நாளில் எதையெல்லாம் சேர்த்தார் என்பது அந்தப் பக்கத்தில் மட்டுமே தெரியும். பகுப்பெண் போட்டு அடுக்கிய பிறகு அந்த வீடு கலைந்துவிடுகிறது.

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இணையத்தில் இருக்கும் எதுவும் முதலில் யாரோ ஒருவர் ஓர் அலுமாரியைத் திறந்து எடுத்ததுதான் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். 1981இல் எங்கள் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை வருடி ஏற்றி வருகிறது; அதில் உள்ள பலவும் தனியார் வீடுகளிலும் சிறு நூலகங்களிலும் தேடித் தேடிப் பெற்றவை. எனவே சகோதரி, நீங்கள் தேடும் கும்மிகள் கிடைத்தால் அங்கே பொறுப்பில் இருப்பவரின் அனுமதியோடு ஒரு படி எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய பேரேடு ஐயா சொன்னபடியே தனியாகச் சென்றேன். கேள்வியையும் அவர் சொன்ன வடிவத்திலேயே கேட்டேன்.

தமிழ்ப் பிரிவில் இருந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, 'யார் உங்களை அனுப்பியது?' என்று கேட்டார். பிறகு பின்புறமிருந்த அறையைத் திறந்தார். இராமபாணம் அரித்த நூல்களுக்கே உரிய மணம் அந்த அறையில் இருந்தது. அரக்கு நிறக் காலிக்கோ துணி ஒட்டிய கட்டடத் தொகுதி ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் ஐந்து சிறு நூல்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கணினிப் பட்டியலில் இருப்பது முதல் நூலின் பெயர் மட்டும். அது ஒரு தலபுராணச் சுருக்கம். மூன்றாவதாக இருப்பது தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய கும்மி. பட்டியலில் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அது வந்திருக்காது என்பது அப்போதுதான் விளங்கியது.

32 பக்கம். பக்க எண்கள் தமிழ் எண்களில் உள்ளன. மேலட்டை இல்லை. முகப்புத்தாளின் வலது ஓரம் நொறுங்கியிருப்பதால் ஆசிரியர் பெயரில் ஊர் மட்டும் தெரிகிறது, பெயரின் பின்பாதி இல்லை. கீழே 'விகாரி வருஷம்' என்றும் 'இரண்டாம் பதிப்பு' என்றும் 'விலை அணா 2' என்றும் அச்சாகியுள்ளது. நெல் விலையை ஒவ்வொரு மாதமாகச் சொல்லிக்கொண்டு போகும் கண்ணிகள் இருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

பிறகு அந்த அம்மாவே சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஐந்து நூல்களும் தனித்தனி வரிகளில் அழகான மசிக் கையெழுத்தில் இருந்தன. கும்மியின் வரியில் ஆண்டுக் கட்டம் காலியாக இருந்தது. பிற்பாடு யாரோ பென்சிலால் 1959 என்று எழுதியிருக்கிறார்கள். 1959ம் விகாரிதான் என்று பஞ்சாங்கத்தில் பார்த்தேன். 1959இல் அச்சானது என்றால் பஞ்சம் முடிந்து எண்பது ஆண்டு கழித்து வந்த மறுபதிப்பாகும். அதை நேரடிச் சான்றாக வைத்து எழுத முடியாது. ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

பழைய பேரேடு எழுதியது:

விலை அணா 2 என்பதை நீங்களே எழுதிவிட்டு என்னைக் கேட்கிறீர்களே, அம்மா. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து அச்சிடுகிறவர் அணாவில் மட்டும் விலை போட்டிருப்பார் என்று நம்புவது கடினம். சில காலம் பழைய நாணயமும் புழங்கியது என்பதால் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். அதோடு தமிழில் பக்க எண்ணிட்டிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். முந்தைய விகாரி 1899-1900. அதற்கும் முந்தையது 1839. அப்போது இந்தப் பஞ்சமே வரவில்லை. ஆகவே 1899 அல்லது 1900.

ஆனால் அது இரண்டாம் பதிப்பு. முதற்பதிப்பு எப்போது என்பதுதான் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய விடை. 1867ஆம் ஆண்டு அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி மாகாணத்தில் அச்சான நூல்களைக் காலாண்டுக்கு ஒருமுறை பட்டியலிட்டார்கள். ஆசிரியர், அச்சகம், பக்கம், படிகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் அவற்றில் இருக்கும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குப் பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு செல்லுங்கள். அந்தப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் அக்கால எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள். நடுவில் சியா, ஜேயா, சிஎச்சா என்ற வழக்கை அங்கேயும் நீங்கள் சந்திக்க வேண்டியிருக்கும்.

பொருநைக்கரை எழுதியது:

கடிதத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அணா விவரத்தைத் தமிழ்ப் பிரிவு அம்மாவிடம் சொன்னேன். அவர் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் சதுர அடைப்பில் 1899 என்று எழுதிக் கேள்விக்குறி இட்டார். பதிவேட்டில் பழையதை அழிக்கக் கூடாதாம். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஐந்து நூல்களுக்கும் கணினியில் தனிப் பதிவுகளைத் தமிழ் எழுத்தில் தட்டினார். கும்மிக்குப் பொருள் தலைப்பு என்ன கொடுக்கலாம் என்று என்னையே கேட்டார். நான் சொன்ன மூன்று சொற்களில் இரண்டை ஏற்றுக்கொண்டார்.

இன்று காலை விடுதியிலிருந்து தேடிப் பார்த்தேன். 'பஞ்சம்' என்று தட்டினால் இப்போது நான்கு பதிவுகள் வருகின்றன.